பேச்சிராஜா கடைக் கண்ணாடியை நான் உடைத்த விவரம்

சுண்டு, உன் போனுக்காக உன் அம்மையைப் போலீஸ் ஸ்டேஷனில் உட்கார வைத்திருக்கிறார்கள். பேரைச் சொல், வயதைச் சொல் என்கிறார்கள். சொல்கிறேன், நீயும் கேட்டுக்கொள்.

என் பெயர் பேராச்சி. வயது நாற்பத்தேழு இருக்கும். கணவர் பெயர் சொரிமுத்து, அவர் காலமாகிப் பல வருடம் ஆகிறது. தாராவியில் சால் என்கிற ஒற்றை அறை வீட்டு வரிசை ஒன்றில் கீழ் வீட்டில் குடியிருக்கிறேன். பூர்வீகம் திருநெல்வேலிப் பக்கம். துணி கார்கானாவில் தைத்து வரும் சட்டைகளுக்கு நூல் வெட்டும் வேலை. படிப்பு மூன்றாவது வரை. தமிழ் எழுத்துக் கூட்டி வாசிப்பேன், இந்தி பேசுவேன், மராத்தி கேட்டால் புரியும். நான் தமிழில் சொல்லச் சொல்ல, இந்த ஸ்டேஷனில் தமிழ் தெரிந்த காவலர் கணேசபாண்டியன் எழுதுகிறார். முதல் வரியிலேயே அவர் பேனாவை நிறுத்தி, "எக்கா, என்னையப் பாத்துச் சொல்லுங்க. இல்லாத பிள்ளைட்ட பேசுனா ரிக்கார்டுல நிக்காது" என்றார். நான் பேசினதை எழுதத்தானே உட்கார்ந்திருக்கிறீர், எழுதும் என்றேன். எழுதியிருக்கிறார்.

என் ஒரே மகள் விஜயராணி. வீட்டில் சுண்டு என்று கூப்பிடுவேன். செம்பூரில் திலக் நகர் பக்கம் ஒரு மொபைல் ஷோரூமில் விற்பனைக்கு நின்றாள். போன மழைக்காலத்தில் தண்ணீர் கட்டிக் கிடந்த ரோட்டில் நடந்து வேலைக்குப் போய் வந்தவளுக்கு எலிக்காய்ச்சல் கண்டு, ஆஸ்பத்திரியில் சேர்த்தும் பிழைக்கவில்லை. இது பற்றி எனக்கு வேறு சொல்ல ஒன்றும் இல்லை. நான் சொல்ல வந்தது போனைப் பற்றி.

அந்த ஷோரூமில் புதிதாகச் சேர்ந்த பிள்ளைகள் ஒவ்வொரு போனுடைய ஸ்பெசிஃபிகேஷனையும் மேனேஜர் முன்னால் நின்று தடங்காமல் சொல்ல வேண்டும். தடங்கினால் அன்றைக்கு முழுக்க வாசலில் நின்று நோட்டீஸ் கொடுக்க வேண்டும். அதனால் என் மகள் வீட்டில் பழகுவாள். நான் வாடிக்கையாளர், அவள் கடைக்காரி. பேசுவதைத் தன் போனிலேயே பதிந்து, ரயிலில் போகும்போது காதில் மாட்டிக் கேட்டுக்கொண்டே போவாள்.

"வாங்க ஆன்ட்டி, என்ன மாதிரி போன் பாக்கிறீங்க?" என்பாள். "பேசுற மாதிரி போன் குடு" என்பேன். சிரித்து முடிக்க அவளுக்கு நேரம் ஆகும்.

மூன்று ஜிபி ரேம் என்றால் என்னட்டி என்று கேட்டேன். "நம்ம வீட்டுத் தரைம்மா. நீ காய் அரியணும், நான் படுக்கணும், துணி மடிக்கணும், எல்லாம் இங்கனதான். தரை சின்னதா இருந்தா ஒண்ணச் சுருட்டுனாத்தான் இன்னொண்ண விரிக்கலாம். போன் திணறுறது அதனாலதான்" என்றாள். அப்போ முப்பத்திரண்டு ஜிபி ஸ்டோரேஜ் என்கிறாயே, அது என்ன என்றேன். "அது மாளா" என்றாள். எங்கள் வீடுகளில் தலைக்கு மேலே சாமான் போட்டு வைக்கும் பலகைத் தட்டுக்கு மாளா என்று பேர். பாத்திரமோ பெட்டியோ தேவைப்படாத போது மேலே கிடக்கும், தேவைப்பட்டால் தரைக்கு வரும். எம்ஏஎச் என்றால் பேட்டரி எவ்வளவு பிடிக்கும் என்ற அளவு, அது தண்ணீர் டிரம். சார்ஜரில் வாட் என்று போட்டிருப்பது குழாயின் தடிமன், தடித்த குழாய் என்றால் டிரம் சீக்கிரம் நிறையும். ஆக்டா கோர் என்றால் எட்டுப் பேர் சேர்ந்து வேலை செய்வது. "நம்ம வீட்ல சிங்கிள் கோர்தான். அது நீ" என்றாள். அப்போ நீ யாருட்டி என்று கேட்டேன். "நான் டிஸ்ப்ளே" என்று முகத்தைத் திருப்பித் திருப்பிக் காட்டினாள்.

இந்தப் பேச்சு எல்லாம் அந்தப் போனில் இருக்கிறது. நடுவில் குக்கர் சத்தம் போட்டால், "கட், கட், திரும்ப எடுப்போம்" என்பாள், அதுவும் இருக்கிறது. அவள் போட்டோ சுவரில் தொங்குகிறது, பக்கத்து வீட்டுக்காரர்கள் போனிலும் கிடக்கிறது. குரல் வேறு எங்கும் இல்லை.

அவள் வேலைக்குக் கொண்டு போகும் பையை நான் தொடாமல் வைத்திருந்தேன். தீபாவளி கழிந்து ஒரு நாள் திறந்தேன். போன் அணைந்து கிடந்தது, பின்பக்கம் லேசாக உப்பியிருந்தது. சார்ஜர் போட்டால் ஒரு தடவை அதிர்ந்துவிட்டு அடங்கிவிடும். அதன் பிறகு அதை எடுத்துக்கொண்டு, பால் பூத்துக்கு அடுத்து மொபைல் ரிப்பேர் கடை வைத்திருக்கும் பேச்சிராஜாவிடம் போனேன். அவரும் எங்கள் ஜில்லாக்காரர். கடைக்குள் நுழைந்ததும் "வாங்கக்கா, டீ சொல்லவா" என்பவர். என் மகள் இறந்தபோது மாலை வாங்கி வந்தவர். இதையும் எழுதுங்கள்.

அவர் பின்மூடியைக் கழற்றிப் பார்த்துவிட்டு, "போர்டு டெட்டுக்கா. இஎம்எம்சி போயிட்டு" என்றார். அப்படியென்றால் என்ன என்று கேட்டேன். சொன்னால் உங்களுக்கு விளங்காது என்றார். சார்ஜர் போட்டால் அதிர்கிறதே என்றேன். "அது ஷார்ட்டாகி அதிருது" என்றார். எனக்குப் போன் வேண்டாம், உள்ளே இருக்கும் என் மகள் குரல் வேண்டும், அது ஒன்றுதான் வேண்டும் என்று அவர் முகத்துக்கு நேராகச் சொன்னேன். அதற்கு அவர், "இத எக்சேஞ்சுல குடுங்க. புதுசு தாரேன், நூத்திருபத்தெட்டு ஜிபி. டேட்டா பூராம் அதுல வந்துரும்" என்றார். பழைய போனையும், மேற்கொண்டு அவர் கேட்ட பணத்தையும் நான் கொடுத்துவிட்டு வந்தேன்.

ஏன் கொடுத்தாய் என்று இன்ஸ்பெக்டர் கேட்டார். சொல்கிறேன். எங்கள் ஆட்கள் வீடு மாறினால் ஒருவர் பழைய மாளாவில் ஏறி நின்று சாமானை இறக்கித் தருவார், கீழே நிற்பவர் வாங்கிக் கொண்டுபோய்ப் புது மாளாவில் ஏற்றுவார். கடைசிக் கரண்டி இறங்கிய பிறகுதான் பழைய வீட்டுச் சாவி கைமாறும். சாமானை இறக்காமல் சாவியை வாங்குகிற ஆளை நாங்கள் பார்த்ததில்லை. பேச்சிராஜாவும் அந்த மாதிரி வீடுகளில் வளர்ந்தவர்தான். பெரிய மாளா தருகிறேன் என்றார், சாமானை ஏற்றித்தான் தருவார் என்று எடுத்துக்கொண்டேன்.

புதுப் போனில் ஒன்றும் இல்லை. கம்பெனிக்காரன் வைத்த மணிச்சத்தம் மட்டும் இருந்தது. திரும்பப் போய்க் கேட்டேன். மெயில் ஐடி போடுங்கள், பாஸ்வேர்டு போடுங்கள், பேக்கப் எடுத்திருந்தால் வரும் என்றார். இதை ஏன் முதலிலேயே சொல்லவில்லை என்றேன். "பழசு முப்பத்திரண்டுதாங்கா. நாலு மடங்கு குடுத்திருக்கேன். இதுக்கு மேல என்ன வேணும்" என்றார். வெறும் மாளாவை நான் என்ன செய்ய. நாலு மடங்கு வெறுமையை எனக்குக் கொடுத்துவிட்டு, என்னைப் பேராசைக்காரி மாதிரி பார்த்தார். அன்றைக்கு நான் ஒன்றும் செய்யவில்லை. வந்துவிட்டேன்.

அதன் பிறகு, என் மகளோடு ஷோரூமில் நின்ற ஜோயா என்ற பெண் மாஹிமில் இருந்து என்னைப் பார்க்க வந்தாள். அவளிடம் நடந்ததைச் சொன்னேன். சார்ஜர் போட்டால் அதிர்ந்ததா, பின்பக்கம் உப்பியிருந்ததா என்று இரண்டையும் கேட்டாள். ஆமாம் என்றேன். போர்டு போயிருந்தால் அதிராது, பேட்டரிதான் போயிருக்கிறது, ரொம்ப நாள் சும்மா கிடந்த போனுக்கு அப்படித்தான் ஆகும், வேறு பேட்டரி போட்டால் எழுந்திருக்கும் என்றாள். "ஜூட் போலா உஸ்னே, ஆன்ட்டி" என்றாள். பொய் சொல்லியிருக்கிறான் என்று அர்த்தம். டிரம் ஓட்டை என்று சொல்ல வேண்டியவன் வீடே இடிந்துவிட்டது என்று சொல்லியிருக்கிறான்.

மறுநாள் செவ்வாய்க்கிழமை கார்கானாவில் சாப்பாட்டு நேரத்தில் அவர் கடைக்குப் போனேன். புதுப் போன் என் பையில் இருந்தது. கடை மேசை மேல் நிற்கும் கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் ஒரு போன் வெளிச்சத்தோடு இருந்தது, அதில் இருந்து ஒரு வயர் கம்ப்யூட்டருக்குப் போனது. சார்ஜர் குத்தும் துவாரத்துக்குப் பக்கத்தில் சிவப்பு நெயில் பாலிஷில் ஒரு பொட்டு இருந்தது. ஷோரூமில் வேலைக்கு ஏறும்போது பிள்ளைகள் எல்லாரும் போனை ஒரே பெட்டியில் போட்டுவிட வேண்டும், மாறிப்போகாமல் இருக்க ஆளுக்கு ஒரு பொட்டு வைத்துக்கொள்வார்கள். அந்தச் சிவப்பை வாங்கிக் கொடுத்தது நான்.

அது என் மகள் போன் என்றேன். "இல்லக்கா, இது வேற கஸ்டமரோடது. உங்களது அன்னைக்கே ஸ்கிராப்புக்குப் போயிட்டு" என்றார். வயர் எதற்கு என்று கேட்டேன். "லாக் மறந்துட்டாங்களாம். ஃபார்மட் அடிக்கப் போறேன்" என்றார். ஃபார்மட் என்றால் என்ன என்று எனக்குத் தெரியும். மாளாவில் இருப்பதை எல்லாம் வீதியில் எறிந்துவிட்டுச் சுண்ணாம்பு அடிப்பது. என் மகள் சொன்னது. கையை எடு என்றேன். "டெக்னிக்கல் விசயம்லாம் உங்களுக்கு எதுக்குக்கா, போய்ப் பொழப்பப் பாருங்க" என்று சொல்லிவிட்டு அவர் கம்ப்யூட்டர் பக்கம் திரும்பினார்.

அப்போது நான் பையில் இருந்த நூற்றிருபத்தெட்டு ஜிபியை எடுத்துக் கண்ணாடியில் ஓங்கி அடித்தேன். முதல் அடியில் கீறல் விட்டது. அடுத்த அடியில் உடைந்து விழுந்தது. உள்ளே கையை விட்டு, வயரைப் பிடுங்கி, என் மகள் போனை எடுத்து நெஞ்சோடு பிடித்துக்கொண்டேன். வேறு எதையும் தொடவில்லை. அவர் மேல் என் கை படவில்லை. என் கையில்தான் கண்ணாடி கிழித்திருக்கிறது. அதன் பிறகு அவர் போலீசுக்குச் சொன்னார், நான் அங்கேயே படியில் உட்கார்ந்திருந்தேன், ஓடவில்லை.

இந்த இடத்தில் கணேசபாண்டியன், "மகளைப் பறிகொடுத்த துக்கத்துல புத்தி தடுமாறி உடைச்சேன்னு எழுதிக்கிடுதேன்க்கா, கேஸ் லேசாப் போயிரும்" என்றார். அவர் நல்லதற்குத்தான் சொல்கிறார். ஆனால் அப்படி எழுத நான் சம்மதிக்கவில்லை. என் புத்தி தடுமாறவில்லை. தடுமாறியிருந்தால் எந்தப் போன் உள்ளே இருந்தது, எந்தப் போனால் அடித்தேன் என்று எனக்குத் தெரிந்திருக்காது. தெரிந்துதான் உடைத்தேன். துக்கத்தில் இருக்கிற பொம்பளைக்குப் புத்தி இருக்காது என்று நினைத்துத்தான் பேச்சிராஜா என்னை ஏமாற்றினார். அதே வார்த்தையை நானே எழுதிக் கொடுக்க மாட்டேன்.

ஸ்டேஷனில் இன்ஸ்பெக்டர் போனை வாங்கிப் பார்த்தார். பொட்டைக் காட்டினேன். பொட்டு யாரும் வைக்கலாம், இந்த மாடல் ஊரெல்லாம் இருக்கிறது, உன் மகளுடையது என்றால் திறந்து காட்டு என்றார். பேச்சிராஜாவும் அதையே பிடித்துக்கொண்டு, "ஆமா சார், தொறக்கட்டும். தொறந்தா நான் ஒத்துக்கிடுதேன்" என்றார். அவர் முகத்தில் தைரியம் வந்ததை நான் பார்த்தேன். என் மகள் இதைக் கூட வேலை பார்த்த பிள்ளை ஒருத்தியிடம் கைமாற்றி வாங்கியது, பில்லும் டப்பாவும் வீட்டில் இல்லை. திறந்தால் என் பிள்ளை போன், திறக்காவிட்டால் அவர் கடைச் சரக்கு.

திரை நாலு நம்பர் கேட்டது. அவள் பிறந்த வருடத்தைப் போட்டேன், திறக்கவில்லை. அவள் அப்பா இறந்த தேதியைப் போட்டேன், திறக்கவில்லை. இன்னொன்றைப் போடப் போனபோது, தகவல் கேட்டு ஓடி வந்த ஜோயா என் கையைப் பிடித்துவிட்டாள். பல தடவை தப்பானால் தானே எல்லாவற்றையும் அழித்துவிடும்படி ராணி வைத்திருந்தாள், திருட்டுப் போனால் யாரும் பார்க்கக் கூடாது என்று வைத்தது, கடையில் இவர் எத்தனை தடவை போட்டுப் பார்த்தாரோ தெரியாது, இனி ஒரு தடவைகூடக் குருட்டாம்போக்கில் போடக் கூடாது என்றாள். நம்பர் ஜோயாவுக்கும் தெரியாது. ராணி எப்போதும் விரல் வைத்துத்தான் திறப்பாள் என்றாள். அந்த விரலை நாங்கள் சயான் சுடுகாட்டில் எரித்துவிட்டோம்.

என்னுடைய கோரிக்கை இதுதான். இந்தப் போனை யாரும் ஃபார்மட் செய்யக் கூடாது. பேச்சிராஜாவிடம் திருப்பிக் கொடுக்கக் கூடாது. செத்துவிட்டது என்று அவர் சொன்ன போன் ஒரு புது பேட்டரியில் உயிரோடு இந்த மேசையில் எரிந்துகொண்டிருப்பதை இன்ஸ்பெக்டரும் பார்த்தார், அதையும் எழுதிக்கொள்ள வேண்டும். கண்ணாடி உடைத்ததற்கு என் மேல் என்ன கேஸ் வேண்டுமானாலும் போடட்டும், வருகிறேன்.

இதுவரை எழுதியதைக் கணேசபாண்டியன் நிறுத்தி நிறுத்தி எனக்கு வாசித்துக் காட்டினார். என் வாயில் இருந்து வந்ததுதான் எழுத்தில் இருக்கிறது, அவர் கூட்டவும் இல்லை, நான் மறைக்கவும் இல்லை. யாரும் மிரட்டிச் சொல்லவில்லை. கண்ணாடிக்கு நான் பொறுப்பு. பொய்க்குப் பேச்சிராஜா பொறுப்பு. தெரிந்தே கையெழுத்துப் போடுகிறேன்.

பேராச்சி

கையெழுத்துக்குக் கீழே எழுதினால் செல்லாது என்று கணேசபாண்டியன் சொல்கிறார். செல்லாவிட்டால் பரவாயில்லை, என் மகளுக்கு எழுதுங்கள் என்றேன்.

சுண்டு, ஊரான் கேட்டதற்கெல்லாம் விவரம் சொன்னேன். ரேம், மாளா, டிரம், எல்லாம் நீ சொல்லிக் கொடுத்தபடி சொன்னேன், தடங்கவில்லை. உன் குரல் ஒரு கை தூரத்தில் மேசை மேல் பூட்டிக் கிடக்கிறது. இத்தனையும் சொல்லிக் கொடுத்தாயே, அந்த நாலு நம்பர் என்னட்டி?