நேசிப்பதாக ஒரு கையெழுத்து

— போட மாட்டேன்னா என்னண்ணே அர்த்தம்? பத்தொம்பது டெக்னீஷனும் கையெழுத்துப் போட்டாச்சு. நீங்க ஒருத்தர்தான் பாக்கி.

— படிச்சுக் காட்டுங்க மிஸ் பிரேமா. கண்ணாடி எடுத்துட்டு வரல.

— "என் கம்பெனியை மனதார நேசிக்கிறேன். வாடிக்கையாளரின் சிரிப்பே என் சிரிப்பு." அவ்வளவுதான்.

— தண்ணி ஃபில்டர் மாட்டுறவன்கிட்ட காதல் கடுதாசி கேக்குறீங்க. நல்லாருக்குலா.

— கிண்டல் பண்ணாதீங்க மோகனராஜ் அண்ணே. இதுக்குப் பேரு எமோஷனல் எங்கேஜ்மெண்ட். மனசு ஒட்டினாத்தான் வியாபாரம் வளரும். கோலாலம்பூர் ட்ரெய்னர் ரெண்டு நாளா தொண்டை வறள சொல்லிக் குடுத்தாரு. நீங்க தூங்குனீங்க.

— தூங்கல. கண்ண மூடி, கம்பெனிய நெனச்சுக்கிட்டு பலூன் ஊதச் சொன்னாரு. மூடினேன். தொறக்கப் பிடிக்கல.

— உங்களுக்கு எல்லாமே எளக்காரம். ஆனா இந்த பினாங்கு பிராஞ்சுல நீங்க பாக்குற வீடுங்கதான் வருசா வருசம் காண்ட்ராக்ட புதுப்பிக்குது. நூத்துக்குத் தொண்ணூறு! மத்தவங்களுக்கு அம்பது தாண்டல. வெள்ளிக்கிழமை மேடையில ஏறி, எல்லாம் இந்தத் திட்டத்தாலதான்னு ரெண்டு வார்த்தை சொல்லச் சொல்றாரு பாஸ்.

— திட்டம் வந்து மூணு மாசம். நான் பதினேழு வருசமா மோட்டர் சைக்கிள்ல வீடு வீடா சுத்துறேன்.

— அது யாருக்குத் தெரியப் போவுது?

— எனக்குத் தெரியும்ல. மூணு வருசத்துக்கு முன்னாடி துளசி செத்தப்ப கம்பெனி என்ன அனுப்புச்சு, தெரியுமா?

— உங்க வைஃபா? நான் அப்ப இங்க வேலைக்கே வரல. மலர் வளையம் அனுப்பியிருப்பாங்க.

— அனுப்புனாங்க. ரிப்பன்ல எம்பேரு. "அமரர் மோகனராஜ்." எஞ்சாவுக்கு வந்த பூவ நானே கையெழுத்துப் போட்டு வாங்கி வெச்சேன். கருமாதி முடியல, போன் வருது. எப்பலா டூட்டிக்கு வர்றேன்னு.

— அந்த போன் எனக்கும் வந்துச்சு. அப்பாவுக்கு ஆபரேஷன் அன்னிக்கு... அத விடுங்க. கம்பெனி மேல கோவம் இருந்தும் கஸ்டமர் எப்படி உங்கள விடாமப் பிடிச்சுக்கிறாங்க?

— டத்தோ கிராமாட் ஃபிளாட்ல ஹபீபா பீவின்னு ஒரு அக்கா. துளசி செத்த வாரம் எனக்குப் பதிலா வேற ஆளு போயிருக்கான். என்னாச்சுன்னு விசாரிச்சு, வீங்கின காலோட என் வீட்டுப் படியேறிட்டாங்க. நாப்பது நாளு என் ரெண்டு புள்ளைங்களுக்கும் அவங்க வீட்டுச் சோறு. எங்க காரியம் முடியற வரைக்கும் மீனுகூட இல்லாம சமைச்சாங்க. அவங்க மகன் சாஹித் தெனம் கொண்டாந்து குடுத்தான்.

— அப்படி என்ன பண்ணீங்க அவங்களுக்கு?

— பெரிய மிஷினா மாத்திக்கட்டுமான்னு முன்ன ஒரு தடவ கேட்டாங்க. மூணு பேருக்கு இதுவே போதும், காச வீணாக்காதீங்கன்னேன்.

— விக்கிற சாமானை வேணாம்னு சொன்னீங்களா? கம்பெனிக்குச் செய்யற துரோகம்ணே அது!

— அப்படித்தான் வார்னிங் லெட்டர்லயும் எழுதியிருந்துச்சு. ஃபைல்ல பாருங்க. அது வந்த மாசமே அதே ஃபிளாட்ல பதினோரு வீடு என்னைக் கூப்புட்டு ஃபில்டர் போட்டுச்சு. அதையும் ஃபைல்ல பாருங்க.

— அய்யோ, அருமையான கதை! அந்த அக்காவையும் மேடைக்குக் கூட்டிட்டு வாங்க. வீடியோ எடுத்து மெல்லிசா மியூசிக் போட்டா அத்தன பேரும் அழுதுருவாங்க.

— த்தூ! அவங்க போட்ட சோத்துக்கு நீங்க மியூசிக் போடுவீங்க. இந்தாங்க, நான் கையெழுத்துப் போட்ட காயிதம் இதுதான்.

— என்ன இது... ராஜினாமாவா?

— இந்த மாசக் கடைசியில நான் பாக்குற நூத்தி நாப்பது வீட்டுக்குக் காண்ட்ராக்ட் முடியுது. யாருமே புதுப்பிக்கல, பாத்தீங்களா? நானும் சாஹித்தும் ஃபிளாட்டுக்குக் கீழயே சொந்தமா ஃபில்டர் கடை போடுறோம். போர்டு மாட்டியாச்சு.

— பாஸ் என்னையக் கொன்னுருவாரு! பதினேழு வருசம் சோறு போட்ட கம்பெனிண்ணே. நன்றி வேணாமா?

— செத்தவனுக்கு ஏதுலா நன்றி? பாஸுக்குப் போன் போடுங்க.

— போடுறேன். மொதல்ல அந்தக் கதவச் சாத்துங்கண்ணே. நீங்க ரெண்டு பேரும் வீடு வீடாப் போயிட்டா, கடையில இருந்து கஸ்டமர்கிட்டப் பேச ஆளு வேணும்ல... நான் வரட்டா?