எண்பத்திரண்டு படங்கள்

— செக் பண்ற சாஃப்ட்வேர்ல போட்டுட்டேன் பேபிக்கா. கண்ணு தெரியாதவங்க கேக்குற பிடிஎஃப்புக்கு இன்னா இன்னா விதி கீதோ அல்லாத்துக்கும் பச்ச டிக்கு. ரிப்போர்ட்டுக்கு நீங்க ஒரு ஓகே போட்டா அனுப்பிடலாம்.

— பச்சை உனக்குத் தெரியும் அன்பு. எனக்கு ஏது? நான் காதால பாக்குறவ. ஹெட்போனை எடுத்துக் குடு.

— இன்னாத்துக்குக்கா பேஜாரு? கிளையன்டு நாலு மணிக்கு கேக்குறாங்க.

— இருப்பா. முதல் படம், "இமேஜ்"னு கம்ப்யூட்டர் படிக்குது. ரெண்டாவதும் "இமேஜ்". என்ன இது?

— படத்துக்கு விளக்கத்த காலியா வுட்டா சாஃப்ட்வேரு செவப்பு காட்டுதுக்கா. எம்பத்திரண்டு படம். அல்லாத்துக்கும் இமேஜ்னு ஒரே அடியா ஒட்டிட்டேன். நம்ம ஃப்ளோர்ல அல்லாரும் அப்டித்தான் பண்றாங்க.

— எட்டாம் பக்கத்துல என்ன படம்?

— மாத்திர அட்டவணை. எத்தினி கிலோ ஆளுக்கு எத்தினி மாத்திரன்னு.

— கிட்னி நோயாளிங்க கையேடுப்பா இது. என்னை மாதிரி கண்ணு தெரியாதவங்க இதைக் கேட்டா எத்தனை மாத்திரை போட்டுப்பாங்க?

— தப்புதான்க்கா. இந்த மாசம் ரெண்டு ஃபைலு திரும்பி வந்துச்சு. மூணாவதும் வந்தா வேலைக்கு வராதேன்னு மேனேஜர் சொல்லிட்டாரு. சிங்கப்பெருமாள் கோவில்லேர்ந்து டெய்லி ரயில்ல தொங்கிகினு வர்றேன்.

— உன் மேல கோவம் இல்லப்பா. எனக்குப் பயமா இருக்கு. ஓகே போட்டா அதுல என் பேரு நிக்கும். ஒன்பது வருஷத்துல இந்த ஆபீஸ்ல நான் சேர்த்து வச்சது அது ஒண்ணுதான்.

— இப்ப இன்னா பண்றது?

— அட்டவணையை எழுத்தா அடிச்சுடு. மத்த படத்தை எல்லாம் நீ பாத்துச் சொல்லு, விளக்கம் நான் டைப் பண்றேன். நாளைக்கு மத்தியானத்துக்குள்ள முடிச்சிடலாம்.

— நாலு மணிக்குக் கேப்பாங்களே.

— கிளையன்டுக்கு ஃபோன் போட்டு ஒரு நாள் வாங்குறேன். நான் கேட்டா குடுப்பாங்க.

— ஃபோன் வேணாங்க்கா.

— ஏன்?

— ஃபைலு நேத்தே கிளையன்டுக்குப் பூட்ச்சு. நீங்க மாடம்பாக்கத்துல கல்யாணத்துக்குப் போயிருந்தீங்க. இன்னிக்கு ரிப்போர்ட் மட்டும்தான் கேக்குறாங்க.

— நான் கேட்டுப் பாக்காமயா அனுப்பினீங்க? ஓகே போட்டது யாரு?

— நீங்கதான்க்கா. உங்க லாகின்ல நானே போட்டுட்டேன்.