கலங்கிய ஒன்பது படங்கள்

விசாரணை நாளன்று நீங்கள் கொடுத்த தேநீர் நன்றாக இருந்தது. அதைச் சொல்லாமல் வந்துவிட்டேன். ஐந்து பேரும் எதிரே வரிசையாக உட்கார்ந்திருந்தீர்கள். ஒருவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே இருந்தார், இன்னொருவர் பேனா மூடியைக் கடித்துக்கொண்டிருந்தார். பரிசுக் குழுவின் தலைவர் என்ற முறையில் நீங்கள் தொண்டையைச் செருமிவிட்டுக் கேட்டீர்கள்: "பையை நகர்த்தினீங்களா, இல்லையா?"

நகர்த்தினேன். அன்றைக்கே ஒப்புக்கொண்டேன். இடிந்து விழுந்த எங்கள் நான்கு மாடிக் கட்டடத்தின் குவியலில், கான்கிரீட் பலகைக்கு அடியிலிருந்து ஒரு பெண்ணின் கை நீண்டிருந்தது. மாடி வீட்டுச் சிறுமி கழித்துப்போட்ட பழைய மஞ்சள் பள்ளிப் பை நான்கடி தள்ளிக் கிடந்தது. அதை எடுத்து விரல்களுக்குப் பக்கத்தில் வைத்தேன். ஊரே அழுதது. பிள்ளையின் பையைத் தேடும் தாயின் கை என்று தலையங்கம் எழுதினார்கள். அந்தச் சிறுமி அந்நேரம் பள்ளிக்கூடத்தில் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள். கைக்கு உரியவளுக்குப் பிள்ளையே கிடையாது. அவள் என் மனைவி.

யாருடைய கை என்று தெரியாமல் எடுத்தேன், மாலையில்தான் தெரிந்தது என்று பேட்டியில் சொல்லியிருந்தேன். நீங்கள் பரிசு கொடுத்தது படத்துக்கல்ல, அந்த வாக்கியத்துக்கு. தெரியாமலே தன் மனைவியைப் படமெடுத்த பாவப்பட்ட மனிதன். கனி பழுத்துத் தொங்கியது, பறித்துக்கொண்டீர்கள்.

பிறகு பை விவகாரம் வெளியே வந்தது. பரிசைத் திரும்ப வாங்கிக்கொண்டு, செய்திப் படத்தின் புனிதம் பற்றிப் பதினோரு பக்கத்துக்கு அறிக்கை விட்டீர்கள். என் கேமராவில் இருந்த முப்பத்தொரு படங்களையும் நொடி பிசகாத நேரக் குறிப்போடு அதில் வரிசையாகப் போட்டீர்கள். பதினான்காம் படத்தில் பை இல்லை, பதினைந்தில் இருக்கிறது என்று காட்டச் சிவப்பு அம்புக்குறி வேறு. முதல் ஒன்பது படங்களுக்கு மட்டும் ஒரே வரி: "கேமரா ஆட்டத்தால் கலங்கியவை; பரிசீலிக்கத் தக்கவையல்ல."

படித்துவிட்டுச் சிரித்தேன். இருபத்திரண்டு வருடமாக இந்தத் தொழிலில் இருக்கிறேன். பிணக்கிடங்கு, துப்பாக்கிச் சூடு, வெள்ளம் என எதிலும் என் கை ஆடியதில்லை. உங்களில் மூன்று பேர் ஒரு காலத்தில் கேமரா தூக்கியவர்கள். இப்போது தூக்க முடியாததால் ஒழுக்கம் பற்றி வகுப்பெடுக்கிறார்கள்.

என் மைத்துனனுக்குப் பேருந்துப் பணிமனையில் எஞ்சின் பிரிக்கிற வேலை. கேமராவைக் கையில் கொடுத்தால் தலைகீழாகப் பிடிப்பான். போன ஞாயிற்றுக்கிழமை உங்கள் அறிக்கையை அச்செடுத்துக்கொண்டு, நான் இப்போது குடியிருக்கும் வாடகை வீட்டுக்கு வந்தான். தாள்களைச் சாப்பாட்டு மேசையில் பரப்பி, கிரீஸ் ஏறிய நகத்தால் நான்காவது படத்தைத் தட்டினான்.

"மாமா, கேமரா ஆடுச்சுன்னா எல்லாம்தானே கலங்கணும்?"

"ஆமா."

"செங்கல்லு நல்லாத் தெரியுது. கம்பியில இருக்கிற துருகூடத் தெரியுது. அக்கா கை மட்டும் ஏன் கலங்கலா இருக்கு?"

"நீ சாப்பிட்டியா?" என்றேன்.

"பேச்சை மாத்தாதீங்க மாமா. அக்கா உடனே போயிடுச்சு, வலியே தெரிஞ்சிருக்காதுன்னு எங்கம்மா கையைப் பிடிச்சுச் சொன்னீங்க. அம்மா அதை வச்சுக்கிட்டுத்தான் ராத்திரி தூங்குறாங்க. உண்மையைச் சொல்லுங்க."

ஐந்து நிபுணர்கள் நான்கு மாதம் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்துத் தவறவிட்டதை, ஒரு மெக்கானிக் ஒரு டம்ளர் தண்ணீர் குடிப்பதற்குள் பார்த்துவிட்டான். ஆகவே அவனுக்கு எழுதிவைத்த பதிலை உங்களுக்கும் எழுதுகிறேன்.

அன்று காலை பத்தரை மணிக்கு ரொட்டி வாங்கத் தெருமுனைக்குப் போயிருந்தேன். கேமரா தோளில் இருந்தது. "என்னைக் கட்டிக்கிட்டீங்களா, அந்தக் கருமத்தைக் கட்டிக்கிட்டீங்களா?" என்று அவள் கேட்காத நாளில்லை. திரும்பி வந்தபோது கட்டடம் இல்லை. புழுதி வெயிலை மறைத்திருந்தது. எங்கள் சமையலறை இருந்த பக்கமாக ஏறிப் போனேன். கை தெரிந்தது. ஆள்காட்டி விரலில் பிளாஸ்திரி. காலையில் வெங்காயம் நறுக்கும்போது வெட்டிக்கொண்டாள், சுற்றிவிட்டது நான். அந்தப் பிளாஸ்திரி உங்கள் அறிக்கையின் அட்டையிலேயே தெரிகிறது. நீங்கள் பையைத்தான் பார்த்தீர்கள்.

வெளிச்சம் போதவில்லை. ஷட்டர் கால் நொடியாவது திறந்திருக்க வேண்டியிருந்தது. கேமராவை ஒரு உடைந்த தூணின்மேல் அழுத்தி வைத்து எடுத்தேன். அதனால் செங்கல் தெளிவாக விழுந்தது. அவள் விரல்களை மடக்கி மடக்கி விரித்துக்கொண்டிருந்தாள். அதனால் கை கலங்கியது. ஷட்டர் சத்தம் அவளுக்குப் பழக்கம்.

"ஏங்க, நீங்களா?"

"நான்தான். கொஞ்சம் ஆடாம இரு."

குவியலின் உச்சியிலிருந்து தீயணைப்பு வீரர் ஒருவர், "சார், அங்க யாராச்சும் இருக்காங்களா? சத்தம் ஏதாவது கேக்குதா?" என்று கத்தினார். நாலு பேர் கடப்பாரையோடு இறங்கினால் எனக்குப் படத்தில் அவர்கள் முதுகுகள்தான் கிடைக்கும். "இங்க ஒண்ணும் இல்ல, பின்பக்கம் போய்ப் பாருங்க" என்றேன். நன்றி சொல்லிவிட்டுப் போனார். பின்பக்கத்தில் இரண்டு பேரை உயிரோடு எடுத்தார்கள். அந்தப் புண்ணியத்தில் எனக்கும் பங்குண்டு.

ஏன் என்று கேட்பீர்கள். உங்களுக்குத் தெரியும். நீங்கள் செய்தி ஆசிரியராக இருந்தபோது, வெள்ளத்திலிருந்து ஒரு கிழவரைத் தூக்கும் படத்தைக் கொண்டுவந்து கொடுத்தேன். "பொழச்சவன் படம் உள்பக்கத்துக்குத்தான்பா. முதல் பக்கத்துக்கு வேற எதாவது இருக்கா?" என்றீர்கள். அந்தப் படமெடுக்கவும் அவரைத் தூக்கவும் ஒரே நேரம்தான் இருந்தது. நான் கேமராவைக் கழுத்தில் தொங்கவிட்டு ஒரு கை கொடுத்திருந்தேன். அதனால் படம் கோணல் என்று அதையும் சொல்லிக் காட்டினீர்கள். நான் ஒருமுறை சொன்னால் புரிந்துகொள்கிற ஆள்.

ஒன்பது படங்கள் பாழ். பத்தாவதிலிருந்து கை தெளிவாக இருக்கிறது. புழுதி அடங்கி வெயில் விழட்டும் என்று இன்னும் பதினெட்டு நிமிடம் காத்திருந்தேன். பையை வைத்தது அப்போதுதான். முப்பத்தொன்றாவது படம் எடுத்த பிறகு நானே போய்த் தீயணைப்பு ஆட்களைக் கூட்டிவந்தேன்.

இதையெல்லாம் மைத்துனனிடம் வாசித்துக் காட்டினேன். அவன் அடிப்பான் என்று எதிர்பார்த்தேன், அடிக்கவில்லை. பத்தாவது படத்தை மட்டும் கையில் எடுத்து வெகுநேரம் பார்த்தான்.

"அப்போ இதுலதான் அக்கா செத்துச்சா?"

இல்லை, அப்போதும் உயிர் இருந்தது என்றேன். அவனும் கடைசியில் உங்களைப் போலத்தான் பார்க்கிறான். ஆடாமல் இரு என்று நான் சொல்லியிருந்தேன். அவள் என் பேச்சைத் தட்டியதே இல்லை.