ஒன்றாம் தேதிக்கு முன்னால்

இன்னும் கொஞ்சம் கிட்ட வாருங்கள், கண்ணுகளா. காலை நீட்டி, சாய்ந்து உட்கார்ந்து கேளுங்கள். ஒரு நாட்டில் காட்டைக் காப்பாற்றச் சட்டம் போட்ட கதை சொல்கிறேன். பேசுகிறவர்கள் இரண்டே பேர். ஒருத்தி தலைநகரத்தில் வன இலாகாவில் பெரிய அதிகாரி. அந்தச் சட்டத்தை எழுதியதே அவள்தான். இன்னொருத்தி அவளுடைய அண்ணி, ஊரில் வீட்டையும் நிலத்தையும் கட்டிக் காக்கிறவள். நாத்தனார் ஜீப்பிலிருந்து இறங்கி, செருப்பைக்கூடக் கழற்றாமல் நேரே வீட்டின் பின்பக்கம் போய் நின்றுவிட்டாள். அங்கே நடந்த பேச்சு இது. நடுவில் நான் வாயைத் திறக்கமாட்டேன்.

— எங்க, அண்ணி?

— எது எங்க? உங்க அண்ணனா? உள்ளே ஃபேனுக்கு அடியில படுத்திருக்காரு. வெயில் தாங்கலையாம்.

— அண்ணனைக் கேக்கல. மரம் எங்க?

— எந்த மரம்?

— எந்த மரமா! இங்கேருந்து ஓடை வரைக்கும் நின்னுச்சே, அத்தனை மரம்! பகல்லயே டார்ச் அடிச்சுட்டுப் போவோமே!

— ஓ, அதுவா. வெட்டிட்டோம். நீ முதல்ல உள்ள வந்து டீ குடி பாப்பா. வந்ததும் வராததுமா இப்படி வெயில்ல நிக்கறியே. ஒதுங்க நிழல்கூட இல்ல.

— நிழல் ஏன் இல்லைன்னுதான் கேக்கறேன்!

— கத்தாத. ஆபீசர் வந்திருக்காங்கன்னு அக்கம்பக்கத்துல எட்டிப் பாக்கறாங்க. முன்னாடின்னா மரம் மறைச்சுக்கும். இப்போ நாம சண்டை போட்டா அடுத்த தெரு வரைக்கும் படம் ஓடும்.

— பக்கத்து வீட்டுக்குப் பின்னாடியும் காலியா இருக்கு…

— அவங்களும் வெட்டிட்டாங்க.

— அதைத் தாண்டி, டீச்சர் வீட்டுல?

— அங்கதான் ரெண்டு மெஷின் வெச்சு அறுத்தாங்க. படிச்சவங்க இல்லையா, எதையும் சட்டுனு முடிச்சிடுவாங்க.

— ஊர் முழுக்கவா அண்ணி?

— நான் என்னத்தைக் கண்டேன்? வீட்டை விட்டு நான் எங்க போறேன்? ஆனா மொட்டை மாடியில ஏறி நின்னா இப்போ ரயில் பாதை தெரியுது. ரயில் போறது வர்றதெல்லாம் தெரியுது. பொழுதுபோகுது.

— அண்ணி, நான் சொல்றதைக் கேளுங்க. நாளைக்குக் காலையில வெளிநாட்டுலேருந்து மூணு பேர் குழு ஒண்ணு வருது. நம்ம கொள்கை நல்லா நடக்குதா, உதவி கொடுக்கலாமான்னு பாக்க. நாட்டுலயே மரம் அடர்த்தியா நிக்கிற ஊர் இதுதான்னு நான் எழுதிக் கொடுத்து, நான்தான் அவங்களை இங்க கூட்டிட்டு வரேன்.

— வரட்டுமே, தாராளமா. மத்தியானம் சாப்பிட இருப்பாங்களா?

— சாப்பிட வரல! மரம் பாக்க வராங்க!

— அப்போ கவலையை விடு. எங்க சின்னப் பையன் போன்ல போட்டோ வெச்சிருக்கான். எல்லாப் பக்கத்துலேருந்தும் எடுத்திருக்கான். வெட்டறதுக்கு முன்னாடி எடுத்தது.

— ஐயோ… யாரு அண்ணி உங்களை வெட்டச் சொன்னது?

— நீதான்.

— நானா!

— ரேடியோவுல பேசினியே. உங்க அண்ணன் சத்தத்தைக் கூட்டி வெச்சு, ‘என் தங்கச்சி, என் தங்கச்சி’ன்னு பால்காரரைக்கூட விடல. உக்கார வெச்சுக் கேக்க வெச்சுட்டாரு. அன்னைக்கு ஊருக்கே பால் லேட்டு.

— மரத்தைக் காப்பாத்துங்கன்னுதானே நான் பேசினேன்?

— அதுவும் பேசினே, இல்லைங்கல. கண்ணுல தண்ணி வர்ற மாதிரிதான் பேசினே. கூடவே, ‘வர்ற ஒண்ணாம் தேதியிலேருந்து, சொந்த நிலமா இருந்தாலும் சரி, மரம் அடர்த்தியா நின்னா தேசியக் காட்டுப் பதிவேட்டுல ஏறிடும், அப்புறம் அனுமதி இல்லாம ஒரு கிளையைத் தொடக்கூடாது’ன்னும் பேசினே.

— ஆமா. ஜனங்க தயாராகட்டும்னு ஒரு மாசம் டைம் கொடுத்தோம்.

— தயாராயிட்டோம்.

— இதுக்குப் பேரு தயாராகறதா!

— பின்ன எதுக்கு அந்த ஒரு மாசம்? மரத்தை வெட்டாம இருக்கறதுக்கு என்ன தயாராக வேண்டியிருக்கு? சும்மா இருந்தாலே போதுமே.

— டெக்னிக்கலா பாத்தா… எந்தச் சட்டம் வந்தாலும் அறிவிப்பு கொடுக்கணும்னு விதி இருக்கு அண்ணி.

— எனக்கு உன் டெக்னிக்கல் எல்லாம் தெரியாது. சின்னவன் அந்த இடத்துலதான் வீடு கட்டறதா இருந்தான். மரத்தோட விட்டா, வரி கட்டறது நாங்க, அதிகாரம் உங்களுது. மரம் இல்லைன்னா ரெண்டும் எங்களுது. இதைப் புரிஞ்சுக்க நான் ஆபீசுக்கா வந்து படிக்கணும்?

— எல்லாரும் இப்படி நினைச்சா நாடு என்ன ஆகறது?

— அந்த ரைஸ்மில்காரரைப் பாரு. போன வருஷமே சுத்தமா வழிச்சு எடுத்துட்டாரு. அவருக்கு உன் சட்டத்துல ஒரு கஷ்டமும் இல்ல. ஜம்முனு நாற்காலி போட்டு உக்காந்திருக்காரு. இத்தனை வருஷமா அடுப்புக்குச் சுள்ளி பொறுக்கறதைத் தவிர மரத்துல கை வெக்காத நாங்க, உங்ககிட்ட மனு எழுதிட்டு நிக்கணும். வெட்டினவனுக்கு விடுதலை, விட்டு வெச்சவனுக்கு வேலி. நல்லா யோசிச்சுத்தான் எழுதியிருக்கே.

— பாயிண்ட் என்னன்னா, ஒரு காட்டை வெட்டி எரிச்சா மரத்துக்குள்ள இருக்கற கரி அத்தனையும் புகையா மேல போகுது. உலகமே சூடாகுது. வருஷா வருஷம் நம்ம நாட்டுலேருந்து எவ்வளவு போகுதுன்னு கணக்கு போட்டு, அதைக் குறைக்கறதுதான் கொள்கை. உங்களுக்கும் சேத்துத்தான் அண்ணி.

— சூடாகறது தெரியுது. அதான் உங்க அண்ணன் ஃபேனை விட்டு நகரமாட்டேங்கறாரு.

— கிண்டல் பண்ணாதீங்க. என் இருபது வருஷ உழைப்பு. நாளைக்கு இந்த வெட்டவெளியில அந்த மூணு பேரைக் கொண்டு வந்து நிறுத்தினா, கொள்கையும் போச்சு, என் மானமும் போச்சு.

— அழாத பாப்பா. மூக்கைத் துடை. இப்படிச் செய்யேன். ஓடைக்கு அந்தப் பக்கம் உன் பங்கு இருக்கே, அப்பா உனக்குன்னு எழுதி வெச்சது. அங்க கூட்டிட்டுப் போ. சொந்த மரத்தைக் காட்டின மாதிரியும் இருக்கும்.

— அங்க… அங்க வேண்டாம் அண்ணி. பாதை சரியில்ல.

— பாதையா? லாரி போற மாதிரி இருக்கே இப்போ.

— வேண்டாம்னா விடுங்களேன். பாம்பு கீம்பு இருக்கும்.

— சரி, விட்டுட்டேன். நான் என்னத்தைக் கண்டேன்? இரு, உன் போன் அடிக்குது.

— டைரக்டர்! அண்ணி, தயவுசெஞ்சு கொஞ்ச நேரம் பேசாம இருங்க… ஹலோ, சார். ஊருக்கு வந்துட்டேன் சார். ஒரு சின்னப் பிரச்சினை… இல்ல சார், சின்னது இல்ல. மரம் இல்ல சார்… கொஞ்சம் இல்லைன்னு இல்ல, ஒண்ணுமே இல்ல. ஊரே வெட்டிடுச்சு… என்ன சார்? நல்லதா? ஆமா சார், எல்லாம் ஒண்ணாம் தேதிக்கு முன்னாடிதான்… ஓ… ஓஹோ… பழைய கணக்குல… புரியுது சார். ரொம்ப நல்லாவே புரியுது. சரி சார், விசாரிச்சு இன்னைக்கே எழுதிடறேன். வெச்சிடறேன் சார்.

— என்னவாம்? திட்டினாரா?

— பாராட்டறாரு.

— யாரை?

— உங்களைத்தான். ஊரை.

— எனக்குப் புரியற மாதிரி சொல்லு.

— கணக்கு ஒண்ணாம் தேதியிலேருந்து புதுசா ஆரம்பிக்குது அண்ணி. அதுக்கு முன்னாடி வெட்டினதெல்லாம் பழைய கணக்கு. பழைய கணக்கு எவ்வளவு பெருசா இருக்கோ, அவ்வளவு மோசமா இருந்த ஊர்னு அர்த்தம். இனிமே எவ்வளவு குறையுதோ, அவ்வளவு வெற்றி.

— இனிமே குறையாம? வெட்டறதுக்கு என்ன மிச்சம் இருக்கு?

— அதேதான். அடுத்த வருஷம் இந்த ஊர்ல ஒரு மரம்கூட விழாது. காடு அழியறதை முழுசா நிறுத்தின ஊர்னு நம்ம ஊர்தான் முதல்ல நிக்கும்.

— அடேயப்பா. அப்போ உங்க அண்ணனை எழுப்பட்டுமா? பரிசு வாங்கப் போறோம்னா ஷேவ் பண்ணிக்கணும்ல?

— நாளைக்குக் குழுவைக்கூட இங்க கூட்டிட்டு வரவேண்டாமாம். டவுன்ல ஏசி ஹால்ல உக்கார வெச்சு, கோடு கீழ இறங்கற மாதிரி படம் போட்டுக் காட்டிடலாமாம்.

— பாத்தியா? எல்லாம் நல்லதுக்குத்தான். உள்ள வா, டீ ஆறிப்போச்சு, சுட வெச்சுத் தரேன்.

— இருங்க. இன்னும் ஒரு வேலை பாக்கி. எதனால இப்படி வெட்டினாங்கன்னு குழு கேக்கும். ‘ஊரே வெட்டிச்சு’ன்னு எழுதினா, சட்டத்துல ஓட்டைன்னு ஆயிடும். ‘ஒருத்தர் ஆரம்பிச்சு வெச்சாரு, அவரைப் பாத்து மத்தவங்க கெட்டாங்க, அவர் மேல நடவடிக்கை எடுத்தாச்சு’ன்னு எழுதினா, சட்டம் வேலை செய்யுதுன்னு ஆகும். டைரக்டர் ஒரு பேரு கேக்கறாரு.

— ஒரு பேருதானே? அரசாங்கத்துக்குத் தெரியாத பேரா? ஏதாவது போட்டுக்க.

— ஏதாவது போட முடியாது. விசாரிச்சா நிக்கணும். முதல்ல யாரு வெட்டினது?

— போகட்டும், விடு. நடந்தது நடந்துபோச்சு.

— ரைஸ்மில்காரரா?

— அவருதான் போன வருஷமே முடிச்சிட்டாரே. இந்த வருஷம் வெட்ட அவர்கிட்ட அவரோட நகம்தான் இருக்கு.

— டீச்சரா?

— டீச்சர் எங்களைப் பாத்துத்தான் வெட்டினாங்க.

— அப்போ நீங்கதான் முதல்ல. அண்ணி, நீங்களா?

— நாங்களும் வேற ஒருத்தரைப் பாத்துத்தான்.

— யாரை? சொல்லுங்க. நம்ம சொந்தமா இருந்தாலும் நான் விடமாட்டேன். இதுல முகதாட்சண்யம் பாத்தா இந்த நாடு உருப்படாது. யாரோ ஒருத்தர் செஞ்ச தப்புக்கு ஒரு ஊர் காடே போயிருக்கு!

— பேரு சொன்னா என்ன செய்வே?

— அபராதம். கேஸ். பேப்பர்ல பேரு வரும்.

— பாவம்டி. வயசான காலத்துல தலை சாய்க்க ஒரு வீடு கட்டிக்கலாம்னு இடத்தை சுத்தம் பண்ணியிருப்பாங்க. அதைப் போய்…

— அதெல்லாம் எல்லாரும் சொல்ற சாக்கு.

— உனக்கு வேண்டியவங்க பாப்பா. ரொம்ப வேண்டியவங்க.

— எனக்கு வேண்டியவங்கன்னா இன்னும் மோசம். என் பேரைச் சொல்லித் தப்பிக்கப் பாத்திருப்பாங்க. ரேடியோவைக் கேட்டதும் ஓடிப்போய் வெட்டியிருப்பாங்க, அப்படித்தானே?

— அதான் இல்ல. ரேடியோவைக் கேட்டு இந்த ஊர்ல ஒருத்தர்கூட எழுந்திருக்கல. அரசாங்கம் எவ்வளவோ சொல்லும், சொல்லிட்டு மறந்துடும். பாலை அளந்து வாங்கிட்டு அவங்கவங்க வேலையைப் பாக்கப் போயிட்டாங்க.

— பின்ன எதைப் பாத்துப் பயந்தீங்க?

— பேரைச் சொல்லணும்ங்கற. பின்னாடி என் மேல கோபப்படக்கூடாது.

— படமாட்டேன். இதோ எழுதிக்கறேன். சொல்லுங்க அண்ணி.

— உன் பேரையே எழுதிக்க பாப்பா. நீ ரேடியோவுல பேசறதுக்கு முந்தின வாரமே, டவுன்லேருந்து மெஷின் வந்து ஓடைக்கு அந்தப் பக்கம் உன் பங்கை வழிச்சு எடுத்துட்டுப் போச்சே. சட்டம் எழுதறவளே வெட்டிக்கிட்டான்னா இந்தத் தடவை நிஜமாத்தான் சட்டம் வருதுன்னு ஊரே கத்தியைத் தூக்கிச்சு.

அவ்வளவுதான், கண்ணுகளா. கேட்ட உங்கள் வீட்டு வாசலில் நிழல் குறையாமல் இருக்கட்டும். உங்கள் வீட்டார் சொல்லும் சொல்லும் செய்யும் செயலும் ஒரே கூரைக்குக் கீழே சேர்ந்து குடியிருக்கட்டும்.