கால் அளவுக்கு ஒரு கம்பி

எங்கள் வீட்டில் காப்பி எப்போதும் நன்றாக இருக்கும். கிழக்கு ஜெர்மனியில் எங்கள் கேரா நகரமே வறுத்த பார்லியைக் கலந்து குடித்த காலத்திலும் எனக்கு அசல் காப்பி கிடைத்தது. என் கணவன் எக்கார்ட் சைக்கிள் பந்தயக்காரன். காகிதத்தில் அவன் ஆலையில் கடைசல் தொழிலாளி. ஆலைக்குள் கால் வைப்பது சம்பள நாளில் மட்டும். சைக்கிள், சாப்பாடு, மாத்திரை எல்லாம் அரசாங்கத்தின் செலவு.

மேற்கே பந்தயத்துக்குப் போகிறவர்கள் கிளம்பும் முன் மனைவியிடம் என்ன வேண்டும் என்று கேட்பார்கள். எக்கார்டும் ஒவ்வொரு முறையும் கேட்டான். அந்த வசந்தத்தில் வியன்னாவுக்குப் போக இருந்தபோது கேட்கவில்லை. நானே பேச்சைக் காப்பிப் பக்கம் திருப்பிப் பார்த்தேன். சிரித்து மழுப்பினான். திரும்பி வருகிறவன் கேட்பான். கேட்காதவன் அங்கேயே தங்கிவிடுவான். அப்படித்தான் நான் கணக்குப் போட்டேன். அவனில்லாமல் எனக்கு வாழத் தெரியாது. அவனுடைய சைக்கிள் கழகச் செயலாளரிடம் போய், இவன் திரும்பி வரமாட்டான் என்று சொன்னேன். அவர் பார்லிக் காப்பி கொடுத்து உபசரித்தார்.

மறுநாளே சைக்கிளைப் பிடுங்கிக்கொண்டார்கள். கழகத்துக்குள் வரவே கூடாது என்றார்கள். காரணம் சொல்லவில்லை.

"எவனோ போட்டுக் குடுத்திருக்கான், ரோஸி. லோத்தாரா இருக்குமோ?"

லோத்தார் அவனுடைய அணிக்காரன், பால்யத்திலிருந்து சிநேகிதன். இருக்கலாம் என்றேன். அதன்பின் லோத்தார் வந்து தட்டியபோதெல்லாம் எக்கார்ட் கதவைத் திறக்கவில்லை. ஆலைக்குப் போய் நிஜமாகவே கடைசல் பிடித்தான்.

கழக மருத்துவர் என்னைத் தெருவில் நிறுத்தி மெதுவாகச் சொன்னார். பந்தயக்காரனின் இதயம் பெருத்திருக்குமாம். திடீரென்று நிறுத்தக் கூடாதாம். தினமும் கொஞ்சம் கொஞ்சமாக ஓட்டித்தான் பழைய நிலைக்குக் கொண்டுவர வேண்டுமாம். எங்கள் நிலவறையில் அவன் அப்பாவின் பழைய சைக்கிள் இருந்தது. ஆனால் மேற்கு எல்லை வெகுதூரமில்லை, அவனுக்கு அந்தத் தூரம் ஒரு காலைப் பயிற்சி. சைக்கிளைப் பழைய இரும்புக்குப் போட்டுவிட்டு, திருடு போய்விட்டது என்றேன். மருத்துவர் சொன்னதையும் சொல்லவில்லை. சொன்னால் வேறு சைக்கிள் தேடுவான்.

இலையுதிர்காலத்தில் ஆலை மாடிப்படியில் சுருண்டு விழுந்தான். முப்பது வயது. நான் அழுத அழுகையில் பொய் இல்லை, இன்னும் ஆறவில்லை.

அடக்கத்துக்கு வந்த லோத்தார் ஒரு பெட்டியைக் கொடுத்தான். உள்ளே சிவப்பு ஷூ ஒரு ஜோடி, கூடவே ஒரு துண்டு பிரேக் கம்பி.

"நீ தூங்கறப்ப உன் கால அளந்து வெட்டுனானாம். உன்கிட்ட கேட்டா விஷயம் தெரிஞ்சுடும்னு இந்தத் தடவ கேக்கல. எனக்குத்தான் வியன்னாவுல கடை தெரியும்னு முன்னாடியே என்கிட்ட குடுத்து வச்சிருந்தான். வாங்கியாந்த இதக் குடுக்கத்தான் வந்து வந்து தட்டுனேன்."

ஷூ எனக்குக் கச்சிதமாக இருக்கிறது. இதோ, போட்டுக்கொண்டுதான் வந்திருக்கிறேன். சொன்னதெல்லாம் நான் செய்ததுதான். ஆனால் என் வாக்குமூலத்தில் இதையும் எழுதிக்கொள்ளுங்கள்: அவன் ஓடிப்போகத்தான் இருந்தான். திரும்பி வருகிறவன் அளவுக் கம்பியைத் தன்னிடமே வைத்திருப்பான். லோத்தாரிடம் எதற்குக் கொடுக்கிறான்? அப்படித்தான் இருக்க வேண்டும். வேறு எப்படியும் இருக்கக் கூடாது.