அப்ப நாங்க எகிப்தா?

சண்டை முடிஞ்ச அடுத்த வருஷம், வவுணதீவுக்குப் போகவேண்டிய நான் போர்டைப் பாக்காம ஓட்டமாவடி பஸ்ஸில ஏறிட்டன். வயசு மட்டும் ஐம்பது. முன் சீற்றில ஒரு அக்காவும் கனடாவால வந்த தங்கச்சியும்.

"கர்த்தர் எங்கள எகிப்தில இருந்து மீட்டவராம், அங்க கனடா சேர்ச்சில சொல்லுவாங்க."

"அப்ப நாங்க எகிப்தா புள்ள?"

அக்கா தங்கச்சிட பக்கம் நல்லாத் திரும்பினா.

"மோசேக்குக் கடல் விலகினது. எங்களுக்கு சுனாமியா வீட்டுக்குள்ள வந்து அம்மாட உயிரை எடுத்துட்டு. அடக்கத்துக்கும் நீ வரல்ல."

"விசா இல்லயே அக்கா. மோசேட சனம் வனாந்தரத்தில எகிப்து மீனை நினைச்சு அழுததெண்டு வாசிக்கக்குள்ள, அம்மாட மணலை மீன் கறிதான் ஞாபகம் வரும். நானும் அழுவன்."

"மணலை மீன் வாங்கிக் கழுவி வெச்சிட்டுத்தான் உன்னக் கூட்டிவர வந்தன். வீட்ட வந்து அழு."

வீட்ட போய் மனிசிக்கு இதை நடிச்சுக் காட்டினன்.

"லண்டனில இருந்து உங்கட தம்பி எடுத்தா மட்டும் போனைத் தூக்கமாட்டீங்க" எண்டா.