நான்கு விரல் இடைவெளி

பெரிய மாமா, முதலில் அந்த நாற்காலியை இழுத்துப் போட்டு வசதியாக உட்காருங்கள். என் பட்டறையில் கிரீஸ் படாத நாற்காலி அது ஒன்றுதான். நீங்கள் வருகிறீர்கள் என்று அத்தை சொன்னதுமே காலையில் எடுத்துத் துடைத்து வைத்தேன். கீழே கிடக்கும் மரத்தூளைக் கண்டுகொள்ளாதீர்கள், கொஞ்சம் வேலை இருந்தது. போலீஸில் இருந்த காலத்தில் நீங்கள் யாரையும் அடித்ததே இல்லையாமே. அசையாமல் உட்கார்ந்து கண்ணைப் பார்த்தே ஆளை எடை போட்டுவிடுவீர்கள் என்று அத்தை பெருமையாகச் சொல்வார்கள். தங்கை வீட்டு மாப்பிள்ளையை விசாரிக்க வேண்டி வந்தது உங்களுக்கும் சங்கடம்தான். அதனால் நான் இழுத்தடிக்கவில்லை. நீங்கள் கேட்பதற்கு முன்பே சொல்லிவிடுகிறேன்.

என் மாமனாரின் மணல், ஜல்லிக் கிடங்கில் தராசு கிடையாது. அங்கே எல்லாம் ‘ஒரு வண்டி’ கணக்குதான். அந்த வண்டி, வாசலில் நிற்கிறதே, அந்தப் பழைய பிக்கப். அதில் ஆட்கள் கூடை கூடையாகக் கொட்டுவார்கள். கொட்டக் கொட்ட வண்டியின் பின்பக்கம் குந்தும். மாமனார் குனிந்து, பின் டயருக்கும் அதன் மேலிருக்கும் மட்கார்டுக்கும் நடுவே தன் நான்கு விரல்களை நுழைப்பார். விரல்கள் லொடலொட என்று போனால் இன்னும் கொட்டவேண்டும். போகவே இல்லையென்றால் இறக்கவேண்டும். பிடித்தாற்போல் போனால் அது ஒரு வண்டி. வீடு கட்டுகிறவர்கள் யாரும் அந்த விரல்களைக் கேள்வி கேட்டதில்லை. கேட்டால் அவர் மணலை விற்கமாட்டார்.

அந்தக் கைப்பதத்தை அவர் ஒரே ஒருவருக்குத்தான் கற்றுக்கொடுத்தார், என் சகலைக்கு. மூத்த மாப்பிள்ளை, வண்டியை ஓட்டுகிறவர், வாயைத் திறந்தால் சிரிப்பைத் தவிர வேறொன்றும் வராத மனிதர். நான் பின்கட்டில் பட்டறை வைத்துக்கொண்டு அந்த வண்டியை உயிரோடு வைத்திருந்தேன். ஒருநாள் ஆசைப்பட்டு நானும் விரலை நுழைத்துப் பார்த்தேன். மாமனார் சிரித்தார்.

“மாப்பிள்ளை, அது ஸ்பேனர் பிடிக்கிற விரலு. இதுக்கு வேற பதம் வேணும்.”

கூடை தூக்குகிறவர்களும் சிரித்தார்கள். சகலையும் சிரித்தார். அவர் எல்லாவற்றுக்கும் சிரிப்பவர், அதனால் அதைக் கணக்கில் சேர்க்கவில்லை. ஆனால் எனக்குச் சுட்டது, பெரிய மாமா. அடுத்த வாரமே மாமனார், தனக்குப் பிறகு கிடங்குச் சாவி கைப்பதம் தெரிந்தவருக்குத்தான் என்று எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டார். என் மனைவி என் முகத்தைப் பார்த்தாள். நான் குழம்பில் இருந்த கறிவேப்பிலையை எடுத்து ஓரமாக வைத்துக்கொண்டிருந்தேன்.

என்ன, நாற்காலி அசைகிறதா? இந்தத் தரை கொஞ்சம் மேடு பள்ளம். சற்று இந்தப் பக்கம் நகர்த்திக்கொள்ளுங்கள்.

வண்டி விஷயம் உங்களுக்கு அவ்வளவாகப் பழக்கமில்லை, சுருக்கமாகச் சொல்கிறேன். சாதாரண ஷாக் அப்சார்பர் பாரம் தாங்காது. குதிக்கிற வண்டியை அடக்கும், அவ்வளவுதான். பாரத்தைத் தாங்குவது அடியில் இருக்கும் ஸ்பிரிங் பட்டைகள். நான் வாங்கியது வேறு ரகம். அந்த ஷாக்கைச் சுற்றித் தடிமனான சுருள் ஸ்பிரிங் ஒன்று இருக்கும். பாரம் ஏறும்போது அதுவும் சேர்ந்து முட்டுக்கொடுக்கும். வண்டி குந்தாது. ஆனால் வண்டியின் தாங்குசக்தி இதனால் ஒரு கிலோகூடக் கூடாது என்று பெட்டியின் மேலேயே அச்சடித்திருந்தது. பாரம் அதே பாரம்தான், வெளியே தெரியாது, அவ்வளவே. பெட்டியை நான் இரண்டு முறை படித்தேன்.

சகலைக்கு அப்போது முதுகுவலி. பின்பக்க ஷாக் இரண்டும் போய்விட்டன, பள்ளத்தில் இறங்கினால் முதுகெலும்பு தலைக்கு வருகிறது என்று புலம்பிக்கொண்டிருந்தார். ஆக, மாற்றவேண்டியது என் கடமை. குடும்பத்தோடு அவர் வெளியூர் போயிருந்த நாளில் வேலையை எடுத்தேன். முன் சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, பின்பக்கத்தை ஜாக்கியில் தூக்கி, சேஸிஸுக்கு அடியில் ஸ்டாண்ட் கொடுத்தேன். ஆக்சில் தொங்கிவிடாமல் அதற்குத் தனியாக ஒரு ஜாக்கி. கீழ் நட்டு துருப்பிடித்து மாமியார் மனசு போல... மன்னியுங்கள், அவர்கள் உங்கள் தங்கை. துருப்பிடித்து இறுகியிருந்தது. எண்ணெய் விட்டு ஊறவைத்து, ஒரு டீ குடித்துவிட்டு வந்து கழற்றினேன். பழைய ஷாக்கைக் கையால் அழுத்தினால் உள்ளே போய் அப்படியே படுத்துக்கொண்டது, திரும்பி வரவே இல்லை. புதியதை மாட்டி, வண்டியைத் தரையில் இறக்கிய பிறகுதான் போல்ட்டுகளைக் கடைசிச் சுற்று இறுக்கினேன். அந்தரத்தில் தொங்கும்போதே இறுக்கினால் ரப்பர் புஷ் முறுக்கிக்கொண்டு சீக்கிரம் கிழிந்துவிடும். என் வேலையில் அந்த மாதிரி அரைகுறை இருக்காது.

பிறகு பழைய கிரீஸையும் கிடங்குப் புழுதியையும் குழைத்துப் புது ஸ்பிரிங்கின் மேல் பூசினேன். பிறந்ததிலிருந்தே அந்த வண்டியில் இருந்ததுபோல் ஆகிவிட்டது. காலி வண்டி ஒரு விரல் உயர்ந்துதான் நின்றது. காலி வண்டியை யார் குனிந்து பார்க்கிறார்கள்?

பின் பிரேக்குக்கு ஒரு வால்வு உண்டு. பின்பக்கம் எவ்வளவு தாழ்ந்திருக்கிறது என்பதை வைத்து எவ்வளவு பிரேக் கொடுக்கலாம் என்று அது முடிவு செய்யும். பின்பக்கம் தாழவில்லையென்றால் பாரமே இல்லை என்று நம்பி ஏமாந்துவிடும். அதையும் மெனக்கெட்டுச் சரிசெய்தேன். ஒரு வால்வை ஏமாற்ற எனக்கு மனம் வரவில்லை. இதைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

சகலை திரும்பி வந்து வண்டியை ஒரு சுற்று ஓட்டிவிட்டு என் தோளைத் தட்டினார்.

“தம்பி, என்ன மந்திரம் போட்டே? முதுகு அலுங்கவே இல்ல.”

“உங்களுக்காகத்தான்ணே.”

அன்றைக்கே மாமனார் குனிந்து விரலை நுழைத்தார். லொடலொட. “இன்னும் கொட்டுங்கப்பா” என்றார். மறுபடி நுழைத்தார். இன்னும் கொஞ்சம். கூடைக்காரர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள், ஆனால் அவர் சொன்னால் கொட்டுவதுதான் வழக்கம். நான் பட்டறை வாசலில் நின்று கூடைகளை எண்ணினேன். இப்படியே மணல் குவியல்கள் இளைத்துக்கொண்டே வந்தன. ஒருநாள் கொத்தனார் ஒருவர் வந்து வாயெல்லாம் பல்லாகச் சொன்னார்.

“அய்யா, இப்பல்லாம் உங்க கைக்குத் தாராளம் வந்திருச்சு. ஒரு வண்டி கேட்டா ஒண்ணரை வண்டி கொட்டுது.”

மாமனார் முகம் செத்துப்போனது. என் திட்டப்படி அவர் சகலையைத்தான் சந்தேகப்பட்டிருக்க வேண்டும். வழியில் யாருக்கோ கொட்டிக் கொடுக்கிறார், ஆட்களோடு கூட்டு, இப்படி ஏதாவது. ஆனால் சகலை மீது அவருக்கு எள்ளளவும் சந்தேகம் வரவில்லை. அந்த நம்பிக்கை எனக்கு வருத்தமாகவே இருந்தது. வண்டியையும் சந்தேகப்படவில்லை.

“மாப்பிள்ளை பாக்குற வண்டி. அதுல என்ன கோளாறு இருக்கப்போகுது?”

இதையும் என் காதுபடச் சொன்னார். ஆக, மிச்சம் இருந்தது அவருடைய கை மட்டும். அதைத்தான் சந்தேகப்பட்டார். சகலை தன் விரலை நுழைத்து, “சரியாத்தான் இருக்கு மாமா” என்று சாதித்தார். “அதுவும் நீங்க கத்துக்கொடுத்த கைதானே மாமா” என்று மட்டும் நான் மெதுவாகச் சொன்னேன். அதற்குப் பிறகு அவர் சகலையிடம் கேட்கவில்லை.

சாப்பிடும்போது கையைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார். “ஏன்டி, என் விரலு இளைச்சிருக்கா?” என்று அத்தையிடம் கேட்பார். அத்தை சிரித்துவிட்டு ரசம் ஊற்றுவார்கள். பாவம், ஒரு மனிதருக்குச் சந்தேகம் வந்தால் அதற்கு ஓர் ஆதாரமாவது வேண்டாமா? அந்தரத்தில் தவிக்க விடுவது கொடுமை. அவர் குளிக்கப் போகும்போது மோதிரத்தைக் கழற்றி ஜன்னல் ஓரத்தில் வைப்பார். நான் அதை எடுத்து வந்து, இதோ இந்தக் கூம்பு உருளையில் செருகி, மரச்சுத்தியலால் பதமாக நாலு தட்டுத் தட்டினேன். அரை நூல், அதாவது ஓர் அரிசிக் கனம், அகன்றது. அவர் தலை துவட்டுவதற்குள் பழைய இடத்தில் வைத்துவிட்டேன்.

அன்று மதியம் கை கழுவும்போது மோதிரம் நழுவித் தொட்டியில் விழுந்தது. அவர் அதை எடுக்கவே இல்லை. தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது. நான்தான் குழாயை மூடி, எடுத்து, துடைத்துப் போட்டுவிட்டேன்.

“ஒண்ணுமில்ல மாமா. வயசானா அப்படித்தான் தோணும்.”

டாக்டரிடமும் நான்தான் கூட்டிப்போனேன். வேறு யாருக்கும் நேரமில்லை. டாக்டர் அவர் விரல்களை மடக்கி நீட்டிப் பார்த்துவிட்டு ஒன்றும் இல்லை என்றார். ஒன்றும் இல்லை என்று டாக்டர் சொன்னால் யார் நம்புகிறார்கள்? திரும்பும் வழியில் என் கையைப் பிடித்துக்கொண்டே வந்தார். கல்யாணமான நாளிலிருந்து அவர் என் கையைப் பிடித்தது அதுதான் முதல் தடவை. எனக்குச் சந்தோஷமாக இருந்தது, அதை மறைக்கவில்லை.

மறுநாள் வண்டி நிரம்பி நின்றபோது என்னைக் கூப்பிட்டார்.

“மாப்பிள்ளை, உங்க விரலை வெச்சுப் பாருங்க.”

கையைத் துடைத்துவிட்டுப் போனேன். குனிந்தேன். கண்ணை மூடிக்கொண்டு கொஞ்ச நேரம் அப்படியே இருந்தேன். கூடைகளை முன்பே எண்ணியிருந்தேன். “ஜாஸ்தி மாமா. இவ்வளவு இறக்கணும்” என்று ஆட்களுக்குக் காட்டினேன். கொத்தனார் தன் அளவுப்பெட்டியில் அளந்து பார்த்து, அப்பழுக்கில்லாத ஒரு வண்டி என்று சொல்லியனுப்பினார். இப்படியே தொடர்ந்து செய்தேன். ஒருநாள் காலை எல்லோர் முன்னாலும் சாவிக்கொத்து என் கைக்கு வந்தது. சகலை அப்போதும் சிரித்தார். மாமனார் உள்ளே போய்ச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். அதற்குப் பிறகு அவர் கிடங்குப் பக்கம் வருவதை நிறுத்திவிட்டார், வலது கையைச் சட்டைப்பைக்குள்ளேயே வைத்துக்கொண்டார். சாப்பிடும்போதுகூட எங்களைப் பார்க்காமல் சாப்பிட்டார்.

என் தவறு எது என்று கேட்டால், புதிய ஷாக்குகளைக் கழற்றியதுதான். மனசாட்சி என்று நீங்கள் எழுதிக்கொண்டாலும் எனக்கு ஆட்சேபம் இல்லை. நிஜத்தில், நாள் முழுக்கக் கூடை எண்ணிக்கொண்டு நிற்க முடியவில்லை. பழைய ஸ்பிரிங் பட்டையோடு சாதாரண ஷாக் இரண்டை மாட்டினால் வண்டி முன்போலக் குந்தும், நானும் மற்றவர்கள்போல விரலை வைத்துப் பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன். ஆனால் வைத்துப் பார்த்தால் எனக்கு ஒன்றுமே புரியவில்லை. ஒருநாள் பிடித்தாற்போல் இருந்தது, அதே பாரம் மறுநாள் லொடலொட என்றது. அவர் சொன்ன பதம் என்பது ஏதோ இருக்கிறது போல.

முந்தாநாள் அத்தை வலுக்கட்டாயமாக அவரை வாசலில் காற்றுவாங்க அனுப்பினார்கள். வண்டி நிரம்பி நின்றது. பழக்கதோஷத்தில் கை பையிலிருந்து வெளியே வந்துவிட்டது. குனிந்து நுழைத்தார். எடுத்தார். மறுபடி நுழைத்தார். “ரெண்டு கூடை குறையுது” என்றார். நான் சரி என்று அனுப்பவிருந்த வண்டி அது. கொத்தனாரின் பெட்டியும் இரண்டு கூடை குறைவு என்றே சொன்னது.

கை குணமாகிவிட்டது. மோதிரம் மட்டும் விரலில் சுற்றிக்கொண்டே இருந்தது. விரல் தேறிய பிறகும் மோதிரம் ஏன் தேறவில்லை என்று அவர் யோசித்திருக்கிறார். டார்ச்சை வாங்கிக்கொண்டு வண்டிக்கு அடியில் படுத்தார். இரண்டு முறை கழற்றி மாட்டிய நட்டு, ஸ்பேனர் பட்டுப் பளபளவென்று இருந்திருக்கும். வெளியே வந்து மணல் குவியல் மேல் உட்கார்ந்துகொண்டார். முதலில் சிரித்தார். பிறகு அந்தக் கையை முகத்தில் வைத்துக்கொண்டு, குழந்தைமாதிரி அழுதார். என் பக்கம் ஒரு முறைகூடத் திரும்பவில்லை. நான் பட்டறை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன், பெரிய மாமா. ஆனால் யோசித்துப் பாருங்கள், தன் கை எவ்வளவு துல்லியமானது என்று அவருக்கே இப்போதுதானே தெரிந்திருக்கிறது. அந்த வகையில் என்னால் ஒரு நன்மையும் நடந்திருக்கிறது.

அவ்வளவுதான். ஷாக்கை மாட்டியது நான், மோதிரத்தைத் தட்டியது நான், அவர் கையை அவரிடமிருந்து பிடுங்கியதும் நான். சாவிக்கொத்து இதோ. நகல் எதுவும் எடுக்கவில்லை. இனிமேல் இந்த வீட்டில் ஒருவரையும் ஏமாற்றமாட்டேன் என்று சத்தியம் செய்கிறேன், என் கண்ணைப் பார்த்து நீங்களே சொல்லுங்கள், இது பொய்யா நிஜமா என்று.

ஏன் மறுபடியும் கீழே குனிந்து மரத்தூளையும் நாற்காலிக் காலையும் பார்க்கிறீர்கள்? அந்த நாற்காலிக்கு ஒன்றும் இல்லை, பெரிய மாமா. வயதானால் அப்படித்தான் தோன்றும்.